100034 என்பவர் யார்?

இரவு இரண்டு மணிக்குப் பேக்கப் வேலை தொடங்குகிறது. ஒரு சர்வர், அதன் பக்கத்தில் நெட்வொர்க் வழியே கோப்புகளைச் சேமித்துத் தரும் ஒரு நாஸ் பெட்டி, அந்தப் பெட்டியில் பேக்கப்புக்கென்றே ஒதுக்கிய ஒரு கோப்புறை. சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகலெடுக்கப்பட்டு நாஸுக்குப் போய்ச் சேர்கின்றன. அடுத்து கண்டெய்னர்களின் முறை. முதல் கண்டெய்னரிலேயே வேலை அறுந்துவிடுகிறது. காலையில் லாகைத் திறந்து பார்த்தால், டார் என்னும் நிரல் எழுதிவைத்த ஒரு வரி இருக்கிறது: தற்காலிகக் கோப்புறையைத் திறக்க முடியவில்லை, அனுமதி மறுக்கப்பட்டது.

ப்ராக்ஸ்மாக்ஸ் என்னும் மெய்நிகராக்க மென்பொருளைக் கையாளும் பலருக்கு இந்தக் காலை பழக்கமானது. ஆஸ்திரியாவின் வியன்னாவில் உருவாகும் இந்தத் திறமூல மென்பொருள் நிறுவனங்களின் சர்வர் அறைகளிலும் ஓடுகிறது. மேசைக்கடியில் பழைய கணினி ஒன்றை வைத்துப் பழகுபவர்களின் வீடுகளிலும் ஓடுகிறது. பிழைச் செய்தியைப் பார்த்ததும் எல்லோருக்கும் எழும் கேள்வி ஒன்றுதான். சற்று முன்புதானே இதே கோப்புறையில் மெய்நிகர் கணினியின் பேக்கப் எழுதப்பட்டது, அப்போது இருந்த அனுமதி இப்போது எங்கே போயிற்று?

அனுமதி எங்கும் போகவில்லை. கதவைத் தட்டிய ஆள்தான் மாறிவிட்டார்.

இதைப் புரிந்துகொள்ள, லினக்ஸ் கணினி மனிதர்களை எப்படி அடையாளம் காண்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். திரையில் கோப்பு ஒன்றின் உரிமையாளர் பெயர் ‘பேக்கப்’ என்றோ ‘ரூட்’ என்றோ தெரிகிறது. ஆனால் கர்னலுக்கு, அதாவது இயங்குதளத்தின் கருவுக்கு, அந்தப் பெயர்கள் எவையும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண் மட்டுமே. வட்டில் கோப்போடு சேர்த்து எழுதப்படுவது உரிமையாளரின் எண், குழுவின் எண், பிறகு உரிமையாளர், குழு, மற்றவர் என்ற மூன்று வகையினருக்கும் படிக்க, எழுத, இயக்க என்ற மூன்று அனுமதிகள். மொத்தம் ஒன்பது பிட்கள். பெயர்கள் தனியாக ஒரு பட்டியல் கோப்பில் கிடக்கின்றன. நாம் கோப்புகளின் விவரம் கேட்கும்போது, அந்தப் பட்டியலைப் பார்த்து எண்ணுக்குப் பெயர் ஒட்டிக் காட்டுகிறது கணினி. டெபியன் லினக்ஸில் 0 என்றால் ரூட், 33 என்றால் வெப் சர்வரின் பயனர், 34 என்றால் ‘பேக்கப்’ என்ற பயனர். நாம் புதிதாக உருவாக்கும் முதல் பயனருக்குக் கிடைப்பது 1000.

பெரிய கோயில்களில் கிழக்கு வாசலில் ஒரு செருப்புக் காப்பிடம் இருக்கும், தெற்கு வாசலில் இன்னொன்று இருக்கும். இரண்டிலும் 34ஆம் டோக்கன் உண்டு. கிழக்கே வாங்கிய டோக்கனைத் தெற்கே நீட்டினால் வேறு யாருடைய செருப்போ வரும், அல்லது அந்த மாடம் காலியாக இருக்கும். டோக்கனில் தவறில்லை. அது எந்த வாசலில் செல்லும் என்பதுதான் கேள்வி.

பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கிய 1969இல் வாசல் ஒன்றுதான். ஒரே கணினி, அதோடு இணைத்த பல முனையங்கள், எல்லாப் பயனர்களும் ஒரே பட்டியலில். அங்கே எண் போதுமானதாக இருந்தது. சிக்கல் தொடங்கியது கணினிகள் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிரத் தொடங்கியபோது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் கோப்பு முறையைக் கொண்டுவந்தது. தொலைவில் உள்ள சர்வரின் கோப்புறை, தன் கணினியின் கோப்புறைபோலவே பயனருக்குத் தெரியும். அதன் மூன்றாம் பதிப்பு 1995இல் பொது நெறிமுறையாக வெளியிடப்பட்டது. இன்றும் ஏராளமான நாஸ் பெட்டிகள் அதைப் பேசுகின்றன.

என்எஃப்எஸ்ஸின் வழக்கமான அடையாள முறை வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. கோப்பு கேட்கும் கணினி, ஒவ்வொரு கோரிக்கையோடும் ‘இதைக் கேட்பவரின் எண் இது, அவர் குழுவின் எண் இது’ என்று எழுதி அனுப்புகிறது. சர்வர் அதை அப்படியே நம்புகிறது. கடவுச்சொல் கிடையாது. அந்தக் காலத்தில் ஒரு நிறுவனத்தின் கணினிகள் எல்லாம் ஒரே நிர்வாகியின் கையில் இருந்தன. எல்லாக் கணினிகளிலும் ஒரே பயனர் பட்டியல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளவும் சன் தனியாக ஒரு சேவையைக் கொடுத்தது. அந்தச் சூழலுக்குச் சரியாகப் பொருந்திய வடிவமைப்பு இது. (இதே கோரிக்கையில் கூடுதல் குழுக்களுக்கு 16 இடங்கள்தான் உண்டு. இருபது குழுக்களில் இருக்கும் ஒருவருக்கு, பதினேழாவது குழுவின் பேரில் கிடைக்க வேண்டிய அனுமதி கிடைக்காமல் போவது இன்றும் நடக்கிறது. லினக்ஸ் சர்வரில், குழுக்களைச் சர்வரே தேடிக்கொள்ளும்படி ஓர் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால் தீரும்.)

இவ்வளவு நம்பும் சர்வர், ஓர் எண்ணை மட்டும் நம்பாது. அது 0. எந்தக் கணினியிலும் ரூட்டுக்கு எல்லா அதிகாரமும் உண்டு. ஒரு மாணவர் தன் மடிக்கணினியில் ரூட்டாக இருப்பதாலேயே சர்வரின் கோப்புகளுக்கும் ரூட் ஆகிவிடக் கூடாது. எனவே 0 என்று வரும் கோரிக்கையை என்எஃப்எஸ் சர்வர் ‘யாருமில்லை’ என்ற பயனராக மாற்றிவிடும். அந்தப் பயனரின் எண் 65534. இந்த வினோதமான எண்ணுக்கும் ஒரு காரணம் உண்டு: முதலில் வைத்தது கழித்தல் இரண்டு, பதினாறு பிட்களில் அதை எழுதினால் 65534 ஆகிறது. ரூட்டை இப்படி நசுக்குவதற்கு ‘ரூட் ஸ்குவாஷ்’ என்று பெயர். பல நாஸ் பெட்டிகள் இதையே கொஞ்சம் திருத்தி, ரூட்டைத் தங்கள் நிர்வாகிப் பயனராக மாற்றும் வசதியையும் தருகின்றன.

கண்டெய்னர் வந்தபோது எண்களின் கணக்கில் இன்னொரு அடுக்கு சேர்ந்தது. மெய்நிகர் கணினிக்குத் தனிக் கர்னல் உண்டு. அதன் வட்டு, வெளியே இருந்து பார்த்தால் ஒரே பெரிய கோப்பு. கண்டெய்னருக்குத் தனிக் கர்னல் கிடையாது. வெளிக்கணினியின் கர்னலையே பகிர்ந்துகொண்டு, தனி வீட்டில் இருப்பதாக நினைத்து ஓடும் நிரல்களின் தொகுப்பு அது. உள்ளே இருக்கும் ரூட் எப்படியாவது தப்பித்து வெளியே வந்துவிட்டால்? அந்த அச்சத்துக்கு விடையாக 2013 பிப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 3.8 கர்னலில் பயனர் பெயர்வெளி முழுமை பெற்றது. கண்டெய்னருக்குள் தெரியும் எண்ணுக்கும் வெளியே உள்ள உண்மை எண்ணுக்கும் இடையே கர்னல் ஒரு மாற்று அட்டவணை வைத்துக்கொள்கிறது. ப்ராக்ஸ்மாக்ஸின் வழக்கமான அமைப்பில் உள்ளே 0 முதல் 65535 வரையிலான எண்கள் வெளியே 100000 முதல் 165535 வரை ஆகின்றன. உள்ளே எல்லாம் வல்ல ரூட், வெளியே 100000 என்ற பெயரற்ற பயனர். தப்பித்து வந்தாலும் அவர் கையில் அதிகாரம் இல்லை. உள்ளே ‘பேக்கப்’ என்ற 34, வெளியே 100034.

இப்போது அந்த இரவு இரண்டு மணிக்குத் திரும்பலாம்.

மெய்நிகர் கணினியைப் பேக்கப் எடுக்கும்போது எல்லா வேலையையும் செய்வது வெளிக்கணினியின் உண்மையான ரூட். நாஸ் அதை நிர்வாகியாக மாற்றிக்கொண்டு ஏற்கிறது. கண்டெய்னரைப் பேக்கப் எடுக்கும் நிரலின் பெயர் விஇசட்டம்ப். ப்ராக்ஸ்மாக்ஸ் 2015இல் கைவிட்ட ஓப்பன்விஇசட் என்னும் பழைய கண்டெய்னர் முறையின் எச்சம் அந்தப் பெயரில் இன்னும் ஒட்டியிருக்கிறது. விஇசட்டம்ப் முதலில் ஒரு தற்காலிகக் கோப்புறையை உருவாக்கி, கண்டெய்னரின் அமைப்புக் கோப்பை அதில் வைக்கிறது. பிறகு டார் நிரலை, கண்டெய்னரின் அதே எண் அட்டவணைக்குள் நுழைத்து ஓடவிடுகிறது. அதாவது டார் ஓடுவது 100000 என்ற பயனராக. அது கண்டெய்னரின் கோப்புகளையும் தற்காலிகக் கோப்புறையில் உள்ள அமைப்புக் கோப்பையும் படித்து ஒரே ஓடையாக வெளியே தள்ளுகிறது. அந்த ஓடையைப் பிடித்துச் சுருக்கி நாஸில் எழுதுவது வெளியே நிற்கும் ரூட்.

பிழை எங்கே என்று இப்போது தெரிகிறது. தற்காலிகக் கோப்புறைக்கு வேறு இடம் சொல்லாவிட்டால், பேக்கப் போய்ச்சேரும் இடத்திலேயே, அதாவது நாஸிலேயே, அது உருவாகிறது. எழுதுவதில் ஒரு தடையும் இல்லை, எழுதுபவர் ரூட். படிக்கப் போகும் டார்தான் 100000 என்ற எண்ணோடு நாஸின் கதவைத் தட்டுகிறது. நாஸுக்கு அப்படி ஒருவரைத் தெரியாது. கோப்புறை ‘மற்றவர்’களுக்குத் திறந்திருக்காவிட்டால், விடை: அனுமதி மறுக்கப்பட்டது. பேக்கப் எழுத முடியவில்லை என்று நினைத்து நாஸின் எழுதும் அனுமதியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்கள் மணிக்கணக்கில் அலைவது இதனால்தான். தடுக்கப்பட்டது எழுத்தே இல்லை.

தீர்வு ஒரு வரி. விஇசட்டம்பின் அமைப்புக் கோப்பில் தற்காலிகக் கோப்புறை சர்வரின் சொந்த வட்டில் இருக்க வேண்டும் என்று எழுதினால் போதும். அதற்குப் பிறகு 100000 நாஸின் பக்கமே போவதில்லை. ‘சஸ்பெண்ட்’ முறையில் பேக்கப் எடுப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த முறையில் கண்டெய்னர் முழுவதும் முதலில் தற்காலிகக் கோப்புறைக்கு நகலாகும். அந்த வட்டில் அவ்வளவு இடம் இருக்க வேண்டும்.

இன்னொரு வகைச் சிக்கல் இதைவிடப் பிடிவாதமானது. ப்ராக்ஸ்மாக்ஸ் நிறுவனமே 2020இல் பேக்கப்புக்கென்று தனிச் சர்வர் மென்பொருள் ஒன்றை வெளியிட்டது. தனியாக ஒரு கணினி வாங்க முடியாதவர்கள் அதை ஒரு கண்டெய்னருக்குள் நிறுவி, தரவைச் சேமிக்க நாஸைக் காட்டுகிறார்கள். அந்த மென்பொருளில் தரவுக் கிடங்கைக் கையாள்வது 34 என்ற ‘பேக்கப்’ பயனர். கண்டெய்னர் தானாக என்எஃப்எஸ் பகிர்வை மவுண்ட் செய்ய, அதாவது தன் கோப்புறைபோல இணைத்துக்கொள்ள, முடியாது. இப்படி எண் மாற்றி ஓடும் ‘அதிகாரமற்ற’ கண்டெய்னருக்குக் கர்னல் அந்த உரிமையைத் தருவதில்லை. எனவே வெளிக்கணினி மவுண்ட் செய்து, அந்தக் கோப்புறையைக் கண்டெய்னருக்குள் திறந்துவிடுகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் கோப்புகள் எல்லாம் 65534, ‘யாருமில்லை’ என்று காட்டும். உள்ளே ரூட்டாக இருந்துகொண்டு உரிமையை மாற்ற முயன்றால், ‘இந்தச் செயலுக்கு அனுமதியில்லை’ என்று பதில் வரும்.

இங்கே ‘யாருமில்லை’ என்பதற்குப் பொருள் வேறு. வெளியே அந்தக் கோப்பின் உரிமையாளர் எண் 1000 ஆகவோ 34 ஆகவோ இருக்கிறது. கண்டெய்னரின் அட்டவணை 100000இலிருந்து தொடங்குவதால் அந்த எண்ணுக்கு உள்ளே இணை கிடையாது. இணை இல்லாத எல்லா எண்களையும் கர்னல் 65534 என்று காட்டுகிறது. ரூட் ஸ்குவாஷில் வரும் 65534 ஒரு பயனர். இங்கே வரும் 65534 வெறும் கேள்விக்குறி. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, ‘யாருமில்லை’ பயனருக்கு நாஸில் அனுமதி கொடுத்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தவிப்பவர்கள் உண்டு.

இப்படிப்பட்ட சிக்கலைத் தேடும்போது அனுபவசாலிகள் முதலில் செய்வது, பெயர்களைப் பார்ப்பதை நிறுத்துவது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையோடு ‘என்’ என்ற எழுத்தைச் சேர்த்தால் பெயர்கள் மறைந்து எண்கள் மட்டும் வரும். அதை மூன்று இடங்களில் ஓட்டுகிறார்கள்: கண்டெய்னருக்குள், வெளிக்கணினியில், நாஸில். ஒரே கோப்புக்கு உள்ளே 65534, வெளியே 34, நாஸில் 34 என்று வந்தால், குற்றவாளி கண்டெய்னரின் எண் அட்டவணை. உள்ளே 34, வெளியே 100034, நாஸிலும் 100034 என்று மூன்றும் கணக்குப்படி வந்தும் எழுத முடியவில்லை என்றால், நாஸின் பகிர்வு விதிகளைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது இருட்டில் துழாவுவதுதான்.

அடுத்த சோதனை, சரியான ஆளாக மாறிச் சோதிப்பது. ரூட்டாக இருந்து ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிப் பார்த்து, ‘எழுத முடிகிறதே’ என்று சொல்வதில் பயனில்லை. பேக்கப் நிரல் எந்தப் பயனராக ஓடுகிறதோ அந்தப் பயனராக மாறி உருவாக்கிப் பார்க்க வேண்டும். பாதையையும் மறக்கக் கூடாது. கோப்புறையைப் பொறுத்தவரை ‘இயக்க’ என்ற அனுமதிக்குக் கடந்துபோக உரிமை என்று பொருள். ஐந்து கோப்புறைகள் தாண்டிப் போக வேண்டிய இடத்தில், மூன்றாவதில் அந்த ஒரு பிட் இல்லாவிட்டால், கடைசிக் கோப்புறையை எவ்வளவு திறந்துவைத்தாலும் போய்ச்சேர முடியாது. உள்ளறை திறந்திருக்கிறது, தெருவாசல் பூட்டியிருக்கிறது என்பது போல. பாதையின் ஒவ்வொரு படியிலும் யாருக்கு என்ன அனுமதி என்று காட்ட ‘நேம்ஐ’ என்ற சிறு கட்டளை லினக்ஸில் இருக்கிறது. அதன் அருமை பலருக்குத் தெரிவதில்லை.

பிழைச் செய்திகளையும் சொல்லுக்குச் சொல் படிப்பது நல்லது. ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்பது வழக்கமாக ஒன்பது பிட் கணக்கில் தோற்றதன் அடையாளம். ‘இந்தச் செயலுக்கு அனுமதியில்லை’ என்பது பெரும்பாலும் உரிமையாளரை மாற்றுவது போன்ற, ரூட்டுக்கு மட்டுமே உரிய செயலை ரூட்டல்லாதவர் செய்ய முயன்றதன் அடையாளம். ‘படிக்க மட்டும்’ என்று வந்தால் பகிர்வையே அப்படித் திறந்திருக்கிறார்கள். கோப்பின் பிடி காலாவதியாகிவிட்டது என்று வந்தால் நாஸ் பக்கம் அந்தக் கோப்புறை அழிக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருக்கலாம்; மீண்டும் மவுண்ட் செய்தால் சரியாகும். நான்கும் வெவ்வேறு நோய்கள். நான்குக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

அந்த ஒரே மருந்தின் பெயர் 777. எல்லோருக்கும் எல்லா அனுமதியும். பிழை மறைந்துவிடும் என்பதால் அது தீர்வுபோலத் தோன்றுகிறது. பேக்கப் கோப்புறையில் இதைச் செய்வது மிகப் பெரிய தவறு. ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சல், கணக்கு, கடவுச்சொற்களின் சுருக்கம் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருக்கும் கோப்புறை அது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நச்சு நிரல்கள் எழுத முடிந்த எல்லா நெட்வொர்க் பகிர்வுகளையும் தேடிப் போகின்றன. அவற்றுக்கு 777 திறந்த வீடு. ரூட் ஸ்குவாஷை நீக்குவதும் ஆபத்தானது. பகிர்வை மவுண்ட் செய்யும் ஒரு கணினியில் ரூட் ஆன எவரும், ரூட்டின் அதிகாரத்தோடு ஓடும்படி குறியிட்ட ஒரு நிரலை அங்கே வைத்துவிடலாம். வேறொரு கணினியில் சாதாரணப் பயனர் அதை ஓட்டி ரூட் ஆகிவிடலாம். கண்டெய்னரையே அதிகாரமுள்ளதாக மாற்றிவிடுவது மூன்றாவது குறுக்குவழி. பாதுகாப்புக்காகக் கட்டிய சுவரை, கதவு இறுகியிருக்கிறது என்பதற்காக இடிப்பது அது.

எண்களைப் பொருத்துவதே நேர்வழி. 34ஐத் தேடும் கண்டெய்னருக்கு இரண்டு பாதைகள் உண்டு. முதலாவது, நாஸில் அந்தக் கோப்புறையின் உரிமையை 100034க்குக் கொடுப்பது. நாஸில் அந்த எண்ணுக்குப் பெயர் தேவையில்லை. எண் மட்டும் போதும். இரண்டாவது, கண்டெய்னரின் அட்டவணையில் ஓர் ஓட்டை போடுவது: 0 முதல் 33 வரை வழக்கம்போல 100000 முதல், 34 மட்டும் வெளியேயும் 34, 35 முதல் மீதி 65501 எண்கள் 100035 முதல். கூட்டினால் 65536 வர வேண்டும். ஓர் எண் கூடிப்போய் இரண்டு வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் கண்டெய்னர் கிளம்பாது. ஏற்கெனவே 34க்கு உரிமையான லட்சக்கணக்கான கோப்புகள் நாஸில் இருந்தால் இந்த இரண்டாவது வழி உரிமை மாற்றும் நேரத்தை மிச்சப்படுத்தும். அந்தப் பேக்கப் மென்பொருள் தரவைத் துண்டுகளாக வெட்டி 65536 துணைக் கோப்புறைகளில் பரப்பி வைப்பதால், உரிமை மாற்றுவது சின்ன வேலை இல்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முதல் வழியே போதும். அட்டவணையில் எவ்வளவு குறைவாகக் கைவைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

டாக்கர் என்னும் கண்டெய்னர் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்குக் கதை சற்று மாறும். வழக்கமான அமைப்பில் டாக்கர் எண்களை மாற்றுவதில்லை. உள்ளே உள்ள எண்தான் வெளியேயும். டெபியனை அடிப்படையாகக் கொண்ட அதிகாரப்பூர்வ போஸ்ட்கிரஸ் இமேஜில் தரவுத்தளம் ஓடும் பயனரின் எண் 999. அது பேக்கப் எழுத வேண்டிய நாஸ் கோப்புறை 1000க்கு உரிமையாக இருந்தால் அங்கேயும் அதே மறுப்பு. தேடும் முறையும் அதேதான்.

எண் தலைவலியே வேண்டாம் என்று பலர் எஸ்எம்பி முறைக்குத் தாவுகிறார்கள். ஐபிஎம்மில் 1980களில் பிறந்து மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் வழியே பரவிய பகிர்வு முறை அது. யூனிக்ஸ் உலகுக்கு அதைக் கொண்டுவந்தவர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆய்வு மாணவராக இருந்தபோது, கணினிகளுக்கு இடையே ஓடும் செய்திகளைக் கவனித்தே அந்த முறையைப் புரிந்துகொண்டு, அதைப் பேசும் ஒரு நிரலை எழுதினார். எஸ், எம், பி மூன்று எழுத்தும் வரும் சொல்லை அகராதியில் தேடியபோது அந்த நிரலுக்குக் கிடைத்ததுதான் சாம்பா என்ற பெயர். எஸ்எம்பி எண்ணை நம்புவதில்லை. பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. லினக்ஸில் மவுண்ட் செய்யும்போது ‘இந்தக் கோப்புகள் எல்லாம் 100034க்கு உரியவை என்று காட்டு’ என்று ஒரு சொல்லில் கேட்டுவிடலாம். கண்டெய்னருக்குள் அது ஒழுங்காக 34 ஆகத் தெரியும்.

விலையும் உண்டு. அப்படி மவுண்ட் செய்த இடத்தில் எல்லாக் கோப்புக்கும் ஒரே உரிமையாளர்தான். ஒவ்வொரு கோப்பின் உரிமையையும் காப்பாற்றி நகலெடுக்க முயலும் ஆர்சிங்க் நிரல் அங்கே பிழைகளைக் கொட்டும். எனவே கோப்புகளை அப்படியே பரப்பி வைக்காமல், டார் போன்ற ஒரே பொதிக்குள் கட்டி அனுப்ப வேண்டும். உரிமை விவரங்கள் பொதிக்குள் பத்திரமாக இருக்கும். எஸ்எம்பியின் முதல் பதிப்பு இயங்கிக்கொண்டிருந்தால் அதை அணைத்துவிட வேண்டும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை என்னும் நச்சு நிரல் நுழைந்தது அந்த வழியில்தான். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது.

அனுமதிச் சிக்கல் பிழையாக வெளியே தெரிவது உண்மையில் நல்ல காலம். தெரியாமல் இருப்பதுதான் பயங்கரம். நாஸ் பெட்டி மின்தடைக்குப் பிறகு தாமதமாக விழித்தால் மவுண்ட் நடக்காமல் போகலாம். அப்போது அந்த இடத்தில் மிஞ்சுவது சர்வரின் சொந்த வட்டில் உள்ள ஒரு காலிக் கோப்புறை. பேக்கப் நிரல் தயங்காமல் அதில் எழுதும். அனுமதிப் பிழையே வராது. சர்வரின் வட்டு நிரம்பி எல்லாம் நிற்கும்போதுதான் தெரியவரும். மவுண்ட் ஆகாத நிலையில் அந்தக் காலிக் கோப்புறைக்கு ‘மாற்ற முடியாதது’ என்ற குறியைப் போட்டுவைத்தால், ரூட்டாலும் அதில் எழுத முடியாது. மவுண்ட் மட்டும் வழக்கம்போல அதன் மேல் அமரும். பிழை உடனே வெளியே வரும்.

மௌனமான தோல்வி எவ்வளவு பெரிய நிறுவனத்தையும் பிடிக்கும். 2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்களின் திட்டங்களைச் சேமித்துத் தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடியபோது சேமிப்பிடம் காலியாக இருந்தது. பேக்கப் எடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாததால் அது ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்ல அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களும், அனுப்புநரைச் சரிபார்க்கும் முறையில் தேறாமல் திருப்பப்பட்டன. ஒருவர் வேறு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்துவைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்தில் சேர்ந்த, சுமார் 5000 திட்டங்களைத் தொட்ட மாற்றங்கள் போயின. நடந்த எல்லாவற்றையும் அந்த நிறுவனம் மறைக்காமல் எழுதி வெளியிட்டது. அந்த நேர்மையால் உலகெங்கும் எத்தனையோ பேர் தங்கள் பேக்கப்பைத் திறந்து பார்த்தார்கள்.

திறந்து பார்ப்பது என்றால் கோப்பின் அளவைப் பார்ப்பதோடு நிற்காது. மீட்டெடுத்துப் பார்க்க வேண்டும். கண்டெய்னர் பேக்கப்பை வேறொரு சர்வரில் மீட்டெடுத்து, உள்ளே போய், அதே எல்எஸ் கட்டளையை எண்களோடு ஓட்டினால், முதலில் தொந்தரவாகத் தோன்றிய ஒரு விஷயத்தின் காரணம் புரியும். டாரை ஏன் கண்டெய்னரின் எண் அட்டவணைக்குள் நுழைத்து 100000 ஆக ஓட்ட வேண்டும்? வெளியே நின்று ரூட்டாகவே ஓட்டியிருந்தால் அந்த அனுமதிப் பிழையே வந்திருக்காதே? வந்திருக்காது. ஆனால் அப்போது டாரின் கண்ணுக்கு வெப் சர்வரின் கோப்புகள் 100033 என்றும், பேக்கப் பயனரின் கோப்புகள் 100034 என்றும் தெரிந்திருக்கும். பொதியிலும் அப்படியே எழுதியிருக்கும். 100000இல் தொடங்கும் அட்டவணையே இல்லாத இன்னொரு சர்வரில் அந்த எண்களுக்குப் பொருள் இருக்காது. உள்ளே நின்று படித்ததால் பொதியில் பதிந்தது 0, 33, 34 என்ற கண்டெய்னரின் சொந்த எண்கள். புதிய சர்வரின் அட்டவணை 200000இல் தொடங்கினாலும், வெப் சர்வரின் கோப்புகள் வெளியே 200033 ஆக அமர்கின்றன. உள்ளே பார்த்தால் அதே 33.